ஈப்போ அடுப்பும் நயினார் வீட்டுச் சாணிக் குழியும்

மெட்ராஸ் கஸ்டம்ஸ் அதிகாரி என் பெட்டியைத் திறந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டார்.

"சார், இங்க வாங்களேன். மலேசியாவுல இருந்து டேப் ரிக்கார்டர் கொண்டாருவாங்க, வாட்ச் கொண்டாருவாங்க. இவரு அடுப்பு கொண்டாந்திருக்காரு."

இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். இரண்டு பர்னர் வைத்த கேஸ் அடுப்பு. எவர்சில்வர் உடம்பில் அவர்கள் முகமே தெரிந்தது.

"எதுக்கு சார் இது?"

"திருவண்ணாமலை பக்கத்துல ஒரு கிராமத்துல சாணியில இருந்து கேஸ் எடுக்கறாங்க. அதுல வெச்சு எரிக்க."

அவர் மூடியை மெதுவாகச் சாத்தினார். "போய்ட்டு வாங்க" என்றார். ஆஸ்பத்திரியில் உறவினரைப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது சொல்கிற குரலில்.

நான் ஈப்போவில் கேஸ் அடுப்பு ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். வயது ஐம்பத்திரண்டு, இடுப்பும் ஏறக்குறைய அவ்வளவுதான். எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கம் கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு வீட்டுக்குச் சாண எரிவாயுக் குழி கட்ட உதவியிருந்தது. அது நன்றாக எரிந்தால் அதே ஊரில் இன்னும் ஏழு வீடுகளுக்கும் உதவுவது என்று தீர்மானம். எரிகிறதா என்று நேரில் போய்ப் பார்த்து, எரிகிற தீயைப் போட்டோ எடுத்து வர ஒரு ஆள் வேண்டும். இது பேசப்பட்டபோது நான் டீ குடிக்க வெளியே போயிருந்தேன். திரும்பி வந்தபோது தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியிருந்தது.

"உங்களுக்குத்தானே கேஸ் தெரியும்" என்றார் தலைவர். எனக்குத் தெரிந்தது லாரியில் வருகிற சிலிண்டர். மாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் டின் பாலின் மேல் ஒட்டியிருக்கும் படம்தான்.

திருவண்ணாமலை பஸ்ஸில் அடுப்பை மடியில் வைத்துக்கொண்டேன். கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். செஞ்சியைத் தாண்டும்போது பக்கத்து சீட்டுப் பெரியவர் அதன் மேல் முழங்கையை ஊன்றித் தூங்கினார். எங்கள் ஈப்போவில் பஸ்ஸில் யாரும் யார் மேலும் சாய்வதில்லை. அதனால்தானோ என்னவோ, பக்கத்தில் இருப்பவர் பெயர் கூடத் தெரியாமல் இறங்கிப் போகிறோம். இந்தப் பெரியவர் தூங்குவதற்கு முன் தன் மருமகனின் சர்க்கரை வியாதி வரைக்கும் சொல்லியிருந்தார்.

திருவண்ணாமலையில் இறங்கியதும் மலை. ஈப்போவிலும் நாலா பக்கமும் சுண்ணாம்பு மலைகள் உண்டு. ஆனால் அவற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாங்கள் கடை நடத்துவோம். இங்கே டீக்கடைக்காரர் பால் ஊற்றும்போதுகூட மலையைப் பார்த்து ஒரு தடவை கன்னத்தில் போட்டுக்கொண்டார். பால் கொஞ்சம் தரையில் போனது. அவர் கவலைப்படவில்லை.

இரவு லாட்ஜில் தங்கினேன். காலையில் பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் ஆறு இட்லி சாப்பிட்டேன். கூடவே வெங்காயச் சட்னியை மூன்று தடவை கேட்டு வாங்கினேன். அதுதான் பத்து நாளைக்குக் கடைசி வெங்காயம் என்று அப்போது தெரியாது.

கீழ்பென்னாத்தூர் தாண்டி ஒரு டவுன் பஸ் போனது. நடுவழியில் டயர் பஞ்சராகி எல்லோரும் இறங்கினோம். ஐப்பசி மழை. என் அடுப்புப் பெட்டியைத் தலையில் வைத்துக் குடையாக்கிக்கொண்டேன். அது ஊர் வரை வந்த செலவுக்கு அன்றுதான் முதல் பலன் கிடைத்தது.

ஜெயபால நயினார் பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தார். ஒல்லியான, எப்போதும் கொஞ்சம் மன்னிப்புக் கேட்கிற முகம். அந்த ஊரில் தலைமுறை தலைமுறையாகப் பயிர் செய்கிற தமிழ்ச் சமணக் குடும்பம். அவர் மனைவி பத்மாவதி கீழ்பென்னாத்தூரில் பள்ளிக்கூட டீச்சர். சங்கத்துக்கு முதலில் கடிதம் எழுதியது டீச்சர். கடைசிக் கடிதம் மட்டும் நயினார் எழுதியது: 'எல்லாம் தயார். அடுப்பு ஒன்றுதான் பாக்கி.'

வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை ஓரத்தில் குழி இருந்தது. உண்மையில் வெளியே தெரிந்தது ஒரு மண் மேடுதான். பழைய மாதிரிக் குழிகளுக்குப் பெரிய இரும்பு டிரம் வேண்டும். சின்ன விவசாயி அந்தப் பக்கமே போக முடியாது. இதற்கு இரும்பே இல்லை. உள்ளூர்ச் சூளைச் செங்கல்லை வைத்துப் பூமிக்கடியில் சட்டியைக் கவிழ்த்த மாதிரி ஒரு கூடு. ஒரு பக்கம் சாணி கரைத்து ஊற்றுகிற தொட்டி, எதிர்ப் பக்கம் கழிவு வெளியே வருகிற தொட்டி, உச்சியில் ஒரு குழாய். கட்டியவர் கொத்தனார் ஏழுமலை. பக்கத்தில் நின்று கூட்டின் மேல் கை வைத்துத் தடவிக்கொண்டிருந்தார், குதிரையைத் தடவுகிற மாதிரி.

நான் சமையலறையில் அடுப்பை வைத்து, டியூப்பைச் சொருகி, வால்வைத் திறந்தேன். வாசல் வரை கூட்டம். தீக்குச்சியைக் கிழித்து நீட்டினேன்.

ஒன்றும் வரவில்லை. ஒரு பெருமூச்சு கூட இல்லை. குச்சி எரிந்து என் விரலுக்கு வந்தது. கத்தினேன்.

"எதுவோ எரிஞ்சுது!" என்று கூட்டத்தில் ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். சொன்னவர் நயினாரின் தம்பி தரணேந்திரன். பக்கத்து வீடு. தோளில் எப்போதும் மண்வெட்டி.

நயினார் தலையைச் சொறிந்தார். "அதாவது சார், சாணி ஊத்தி நாப்பது நாள் ஆவுது. இன்னும் கேஸ் வரல. அடுப்பு நல்லதா இருந்தா வருமோன்னு..."

"அண்ணே, அடுப்பு வந்து இழுக்குமா?" என்றார் தரணேந்திரன். "சார், உங்களுக்கு மரியாதை குடுத்து சொல்றேன். அது எங்க ரெண்டு பேருக்கும் பொது எடம். எனக்கு வண்டிக் கொட்டகை போடணும். நீங்க எப்ப ஊருக்குக் கெளம்பறீங்க?"

"அடுத்த வாரம் சனிக்கிழமை."

"அப்ப வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் டைம். எரியலன்னா மண்ணு போட்டு மூடிடுவேன். அண்ணி கோச்சுக்கக் கூடாது."

அண்ணி கோபித்துக்கொள்ளவில்லை. அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த பத்மாவதி டீச்சர், கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு நேராக விறகடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தார். மணி ஐந்து. வானம் மூட்டம்.

அங்கே ஒரு விஷயத்தை நான் பார்த்தேன். அவர் ஒவ்வொரு விறகையும் எடுத்துத் தரையில் மூன்று தடவை தட்டினார். திருப்பிப் பார்த்தார். ஒரு விறகிலிருந்து எறும்புகள் வந்தன. அதைத் தள்ளி வைத்து, எறும்பெல்லாம் போகட்டும் என்று காத்திருந்தார். அடுத்த விறகு ஈரம். புகைந்தது. ஊதினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஊதினார். உலை கொதிக்கத் தொடங்கியபோது நயினார் வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, "பத்மா, போச்சு" என்றார்.

சூரியன் போய்விட்டது என்று அர்த்தம். சமண வழக்கப்படி, பொழுது சாய்ந்தால் இந்த வீட்டில் சாப்பாடு கிடையாது. டீச்சர் விறகை வெளியே இழுத்துத் தணித்தார்.

"காலைல வடிச்சத வெச்சு சாப்பிடக் கூடாதா?" என்று கேட்டேன்.

"அந்தப் பழக்கம் இல்ல சார்" என்றார் டீச்சர். "நாலரைக்கு ஸ்கூல் விட்டு, அஞ்சுக்கு வந்து எறங்கறேன். வெயில் காலத்துல எப்படியோ சமாளிச்சுடறேன். ஐப்பசி கார்த்திகையில ரெண்டு நாளைக்கு ஒரு நாள் பட்டினிதான். அதுக்குத்தான் லெட்டர் போட்டேன். கேஸுன்னா எறும்பைத் தட்ட வேணாம், ஊத வேணாம், டக்குனு பத்திக்கும்னாங்க."

நயினார் சமைக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். ஒரு தடவை சமைத்திருக்கிறாராம். அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

விருந்தாளியான எனக்குப் பழம் கொடுத்தார்கள். நான் மட்டும் சாப்பிட வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே ஐந்து வாழைப்பழம் சாப்பிட்டேன்.

மறுநாள் வியாழக்கிழமை. நான் என் தொழில் திறமையைக் காட்டினேன். கேஸ் வரவில்லை என்றால் எங்கோ ஒழுகுகிறது. இது ஈப்போவில் நான் முப்பது வருடமாகச் சொல்லி வருகிற வசனம். சோப்பைக் கரைத்துக் குழாய் மூட்டுகளிலெல்லாம் தடவினேன். ஒரு குமிழி கூட இல்லை. கூட்டில் விரிசல் இருக்கலாம் என்று சொன்னேன். ஏழுமலை கொத்தனார் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சார் சொல்லிட்டீங்க? மூணு கோட்டு பூசியிருக்கேன். தண்ணி ரொப்பி நாலு நாளு வெச்சுப் பார்த்தேன், ஒரு விரக்கடை எறங்கல. இந்தக் கூட்டுக்குள்ள நீங்க பூந்துகினா உங்க மூச்சே வெளிய வராது."

அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவர் கோபம் நியாயமானது. காத்திருக்கிற ஏழு வீடும் அவர் கையை நம்பித்தான்.

"சார், கேஸ் சேர்ந்தா இந்தக் கழிவுத் தொட்டியில மட்டம் ஏறும்" என்று காட்டினார். "உள்ள கேஸு அமுக்கும், சாணி இங்க வந்து ஏறும். அதுக்குத்தான் செங்கல்லால கோடு போட்டேன். நாப்பது நாளா அந்தக் கோட்டையே பார்த்துக்கினு இருக்கேன் சார். எம் பொண்டாட்டிய கூட அவ்ளோ பார்த்ததில்ல."

கோட்டுக்குக் கீழே மட்டம் அசையாமல் கிடந்தது. பார்ப்பதற்கு டீத்தண்ணீர் மாதிரி இருந்தது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சமணச் சாப்பாட்டில் வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு எதுவும் கிடையாது என்று அன்று காலைதான் தெரிந்திருந்தது. என் மூளை துக்கத்தில் இருந்தது.

வெள்ளிக்கிழமை விடிகாலை மாட்டுக் கொட்டகைப் பக்கம் பல் தேய்க்கப் போனேன். டீச்சர் ஏற்கெனவே எழுந்து, புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு சாணி கரைத்துக்கொண்டிருந்தார். நான் வேப்பங்குச்சியை வாயில் வைத்தபடி நின்றுவிட்டேன்.

தொட்டியின் வாயில் ஒரு வெள்ளை வேட்டி கட்டியிருந்தது. நான்காக மடித்த வேட்டி. டீச்சர் கரைத்த சாணியை அதன் மேல் ஊற்ற, துணி வழியாகப் பழுப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கியது. துணியில் தங்கிய சாணியை உருண்டையாகத் திரட்டி, சுத்தமாக எருக்குழியில் போட்டார். வேட்டியை அலசிப் பிழிந்து, மறுபடி கட்டினார்.

"டீச்சர், என்ன பண்றீங்க?"

"வடிகட்டறேன் சார்."

"தினமுமா?"

"முதல் நாள்ல இருந்து. குடிக்கற தண்ணியே வடிகட்டாம நாங்க தொட மாட்டோம். இதுல எவ்ளோ வண்டு, புழு இருக்கும்! உள்ள போயிட்டா மூச்சு முட்டி செத்துடும் இல்லையா? குழி போடறப்ப வந்த கவர்மெண்ட் ஆபீசர் கூட சொன்னாரு, கல்லு, மண்ணு, வைக்கோல் எதுவும் இல்லாம சுத்தமா ஊத்துங்கன்னு."

ஆபீசர் சொன்ன சுத்தம் வேறு. நாற்பது நாளாக அந்தக் குழி சாணியைப் பார்த்ததே இல்லை. சாணி இருந்த இடத்தைக் கழுவிய தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தது.

நான் சிரித்துவிட்டேன். குச்சி தொண்டைக்குள் போய் இருமல் வந்தது. டீச்சர் சொம்பில் தண்ணீர் கொடுத்தார். அதுவும் வடிகட்டிய தண்ணீர்தான். குடிக்கும்போது எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. இந்த அம்மாள் பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன்னால், நாற்பது நாள், விடியும் முன் எழுந்து, ஒரு வண்டும் சாகக் கூடாது என்று இதைச் செய்திருக்கிறார்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வாடிப்போனது. நயினாரும் வந்தார், ஏழுமலையும் வந்தார். ஏழுமலை வேட்டியைப் பார்த்தார், கூட்டைப் பார்த்தார், வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். "என் கூடு கெட்டுப் போவல சாமி" என்றார்.

"அப்படியே ஊத்துனாதான் எரியும்னா, எனக்கு வேணாம் சார்" என்றார் டீச்சர். "பட்டினி எனக்குப் புதுசு இல்ல. நாலு வண்டைக் கொன்னுட்டு நான் சாப்பிட மாட்டேன்."

  எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம். அப்போது கொட்டகையில் ஒரு மாடு வாலைத் தூக்கி, 'சொத்'தென்று சாணி போட்டது.

டீச்சர் அதைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். வகுப்பில் ஒரு கணக்கு விடை வரப்போகிற முகம் அது.

"வண்டு எங்க இருந்து வருது?" என்றார். "மாட்டு வயித்துல இருந்து வரல. தரையில கெடந்தா வந்து ஏறுது. போட்ட உடனே, சூடு ஆறறதுக்குள்ள அள்ளிட்டா?"

"ஒண்ணும் இருக்காது" என்றார் ஏழுமலை. "புதுச் சாணிதான் கேஸுக்கும் நல்லது டீச்சரம்மா. ஆபீசரே சொன்னாரு."

டீச்சர் அந்தச் சாணியைக் கையால் அள்ளினார். விரலால் பிரித்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. சமமாகத் தண்ணீர் விட்டுக் கெட்டியாகக் கரைத்து, வேட்டியை அவிழ்த்துவிட்டு, தொட்டிக்குள் ஊற்றினார். நாற்பது நாளில் அந்தக் குழிக்குக் கிடைத்த முதல் சாப்பாடு.

நயினாருக்கு இன்னொரு சந்தேகம். "சார், கேஸ் எப்படி வருது? உள்ள இருக்கற ஏதோ கிருமிதான் பண்ணுதாமே?"

"ஆமா. கண்ணுக்குத் தெரியாத உசுருங்க. சாணியைத் தின்னுட்டு ஏப்பம் விடுதுங்க. அந்த ஏப்பம்தான் கேஸு."

டீச்சர் கையைக் கழுவிக்கொண்டே, "அப்ப நான் ஒரு குழி நிறைய உசுருக்குச் சோறு போடறேன்" என்றார். "நாப்பது நாளா அதுங்களையும் பட்டினி போட்டிருக்கேன்."

இனி அவசரம். அடுத்த வெள்ளிக்கு ஏழே நாள். நன்றாக வேலை செய்கிற வேறு குழியின் கழிவைக் கொஞ்சம் கொண்டுவந்து ஊற்றினால், தயிருக்கு உறை ஊற்றின மாதிரி சீக்கிரம் பிடிக்கும் என்றார் ஏழுமலை. திருவண்ணாமலைக்கு வெளியே ஒரு பண்ணையில் பெரிய குழி இருந்தது. சனிக்கிழமை நானும் அவரும் நாலு பால் கேனோடு போனோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கண்டக்டர் கேட்டார். "இன்னா பெரியவரே, பாலா?"

"மாட்டுகிட்ட இருந்து வந்ததுதான்" என்றேன்.

கீழ்பென்னாத்தூர் தாண்டி ஒரு பள்ளம். ஒரு கேனின் மூடி எழுந்து, ஒரு தடவை யோசித்து, விழுந்தது. கழிவு கொஞ்சம் என் வேட்டியில், கொஞ்சம் ஒரு கல்யாண வீட்டுக்காரரின் செருப்பில். நான் எழுந்து நின்று கைகூப்பினேன். எனக்கு வந்த வசவுகளில் பாதி புரியவில்லை. மீதிப் பாதி புரிந்தது, அதற்கு வருத்தப்பட்டேன். எங்களை ஊருக்கு இரண்டு மைல் முன்னால் இறக்கிவிட்டார்கள். மலேசியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற ஒருவன் கைக்கு ஒரு கேன் சாணிக் கழிவைத் தூக்கிக்கொண்டு வயல் வரப்பில் நடந்ததை எங்கள் சங்கத்து அறிக்கையில் நான் சேர்க்கவில்லை.

அடுத்த நாட்களில் டீச்சர் காலையிலும், நயினார் பகலிலும் மாட்டின் பின்னால் காத்து நின்றார்கள். காத்திருக்கிற ஏழு வீட்டுக்காரர்களும் தங்கள் மாட்டுச் சாணியைச் சூடாகக் கொண்டுவந்தார்கள். தரணேந்திரன் திண்ணையில் உட்கார்ந்து, "அண்ணன் மாட்டுக்குப் பின்னால போறான், ஈப்போ சார் அண்ணனுக்குப் பின்னால போறாரு" என்று போகிற வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை காலை ஏழுமலையின் கூச்சல் கேட்டு ஓடினேன். மட்டம் கோட்டுக்கு மேலே நாலு விரக்கடை ஏறியிருந்தது. அவர் தொட்டி ஓரத்தில் குத்துக்காலிட்டு, அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாத முகத்தோடு இருந்தார்.

அன்று வந்த முதல் கேஸ் எரியவில்லை. முதல் கேஸ் எரியாது, திறந்து விட்டுவிட வேண்டும் என்று ஆபீசர் சொல்லியிருந்தாராம். விட்டோம். அது போன நாற்றத்துக்கு, தரணேந்திரன் தன் வீட்டுக் கதவைச் சாத்தினார்.

வியாழக்கிழமை காலை வந்த கேஸ் பற்றிக்கொண்டது. ஆனால் என் பளபளக்கிற அடுப்பில் தீ, பொட்டு அளவுக்கு வந்து, துள்ளி, அணைந்தது. குறை கேஸில் இல்லை, என் அடுப்பில். சிலிண்டர் கேஸ் அழுத்தமானது, சின்ன ஓட்டை போதும். சாணி கேஸ் சாது. அதற்குப் பெரிய வாசல் வேண்டும். கடல் தாண்டி, கஸ்டம்ஸ் தாண்டி, தலையில் சுமந்து நான் கொண்டுவந்தது இந்த ஊருக்குப் பொருந்தாத அடுப்பு. முப்பது வருடத் தொழில்காரன் இதை முதல் நாளே யோசித்திருக்க வேண்டும்.

அடுப்பைத் தூக்கிக்கொண்டு மறுபடி திருவண்ணாமலை. கடைத்தெருவில் பம்ப் ஸ்டவ் ரிப்பேர் செய்கிற பாய் ஒருவர் இருந்தார். கேஸ் வரும் துளையுள்ள ஜெட்டைக் கழற்றிக் கண்ணருகில் வைத்துப் பார்த்தார்.

"எவ்ளோ பெருசு பண்ணணும் சார்?"

"கொஞ்சம் ஜாஸ்தி."

"ஜாஸ்தி பண்ணிட்டா அப்புறம் கம்மி பண்ண முடியாது. யோசிச்சுக்கங்க. வெளிநாட்டு சாமான்."

"துளை போடுங்க பாய்."

அவர் போட்டார். என் கடையில் ஒரு பையன் இப்படிச் செய்திருந்தால் வேலையை விட்டு நிறுத்தியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை. காலையிலிருந்து மழை. கேஸ் வீணாகக் கூடாது என்று சாயங்காலம் வரை யாரும் வால்வைத் தொடவில்லை. நயினார் அரிசியும் பாசிப்பருப்பும் ஊற வைத்தார். அவருக்கு அனுமதி அவ்வளவுதான். நாலே முக்காலுக்கு மழை விட்டது. வாசலில் கூட்டம். தரணேந்திரன் மண்வெட்டியோடு வந்து தூணில் சாய்ந்து நின்றார்.

ஐந்து மணி. பஸ் வரவில்லை. ஏரி நிரம்பி ரோட்டில் தண்ணீர் ஓடுகிறது என்றார்கள். ஐந்து பத்து. என் கைக்கடிகாரம் இன்னும் மலேசிய நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது; அதன்படி சூரியன் எப்போதோ மறைந்து ஊரே விளக்கு ஏற்றிவிட்ட நேரம். பார்க்காமல் இருக்க அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன்.

ஐந்தேகாலுக்கு டீச்சர் வந்தார், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, முழங்கால் வரை சேறு. பஸ்ஸை நம்பாமல் தண்ணீருக்கு அந்தப் பக்கமே இறங்கி நடந்திருக்கிறார்.  கால் கழுவினார். சமையலறைக்குள் வந்தார்.

நான் வால்வைத் திறந்தேன். தீப்பெட்டியை அவரிடம் கொடுத்தேன். என் விரல் இன்னும் ஆறவில்லை என்று சொன்னேன்.

குச்சி கிழித்தார். 'புஸ்' என்று ஒரு சத்தம். பர்னரைச் சுற்றி நீலமாக ஒரு வட்டம் விரிந்தது. அணையவில்லை. துள்ளவில்லை. கோலத்தில் வைத்த புள்ளி மாதிரி வரிசையாக நின்றது.

 டீச்சர் பழக்கத்தில் குனிந்து ஊதப் போனார். பிறகு ஊத வேண்டாம் என்று நினைவு வந்து நிமிர்ந்தார்.

வெண்கலப் பானையில் தண்ணீர், அரிசி, பருப்பு. இரண்டாவது பர்னரில் புடலங்காய்க் கூட்டு. நயினார் மொட்டை மாடியில் ஏறி நின்றார். மேற்கே மேகத்தில் ஒரு கிழிசல், அதில் சூரியன்.

"ஒரு பனைமர உசரம்!" என்று மேலேயிருந்து சத்தம் போட்டார்.

"கொதி வந்துடுச்சு!" என்று நான் கீழேயிருந்து கத்தினேன்.

"அரைப் பனை!"

"பருப்பு வெந்துடுச்சு!"

"சார், சீக்கிரம், மரத்துல உக்காந்துடுச்சு!"

நெய்யும் மிளகும் தாளித்துக் கொட்டுகிற சத்தம் கேட்டது. டீச்சர் இலைகளை வரிசையாகப் போட்டார். நயினார் மாடியிலிருந்து இறங்கினார் என்பதைவிட விழுந்தார் என்பதுதான் சரி. டீச்சர் வாசலைப் பார்த்தார்.

"தம்பி, உங்க வீட்டுல இன்னிக்கு அடுப்பு பத்துச்சா?"

தரணேந்திரன் தரையைப் பார்த்தார். "எங்க பத்துது அண்ணி! வெறகெல்லாம் ஈரம். அவ இன்னும் ஊதிக்கினு இருக்கா."

"அவளையும் கூட்டியாங்க. ஓடுங்க. மண்வெட்டியை அங்கயே வெச்சுட்டு ஓடுங்க."

அவர் ஓடினார். அந்த வேகத்தில் ஒரு மனிதர் பொங்கல் சாப்பிட ஓடி நான் பார்த்ததில்லை. அவர் மனைவியோடு வந்ததும், ஐந்து பேரும் வேகமாகச் சாப்பிட்டோம். பொங்கலில் வெங்காயம் இல்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை. ஏழுமலை மட்டும் உட்காரவில்லை. வால்வுக்குப் பக்கத்தில் காவல் நின்றார்.

முற்றத்தில் வரிசையாக நின்று கை கழுவினார்கள். அப்போதுதான் எனக்குப் போட்டோ ஞாபகம் வந்தது. உள்ளே ஓடித் தீயைப் பத்து தடவை எடுத்தேன். வெளியே வந்தபோது பிலிமில் ஒன்றே ஒன்று பாக்கி. கை கழுவுகிறவர்களை எடுத்தேன்.

மறுநாள் காலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பக்கத்து வீட்டுக் கொட்டகை ஓரத்தில் தரணேந்திரன் மண்வெட்டியால் தரையில் ஒரு வட்டம் கீறிக்கொண்டிருந்தார். "வட்டம் கோணலா இருக்குது, தள்ளுங்க" என்று ஏழுமலை அதட்டிக்கொண்டிருந்தார். வண்டிக் கொட்டகையைப் பற்றி நான் கேட்கவில்லை. அடுப்பை டீச்சரிடமே விட்டுவிட்டேன். மறுபடி கஸ்டம்ஸில் அதை விளக்க எனக்குத் தெம்பு இல்லை.

ஈப்போவில் படம் கழுவி வந்தது. சாணி கேஸின் நீலத் தீ பிலிமில் விழுவதில்லை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பத்துப் படத்திலும் பர்னரும் பானையும்தான் இருந்தன. சங்கத் தலைவர் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நெருப்பு எங்கய்யா?"

கடைசிப் படத்தை நீட்டினேன். முற்றத்தில் நாலு பேர் சொம்புத் தண்ணீரில் கை கழுவுகிறார்கள். ஒருவர் உதட்டில் ஒரு பருக்கை. தூணில் மண்வெட்டி.

"இதுல எங்க எரியுது?"

"விளக்கு எங்கயாவது ஏத்தியிருக்காங்களான்னு பாருங்க" என்றேன்.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். விளக்கு இல்லை. சுவரில் மேற்கு வெளிச்சம் மட்டும் ஒரு கை அகலத்துக்கு விழுந்திருந்தது. ஐந்தேகாலுக்கு வீடு வந்த டீச்சர், பொழுது சாய்வதற்குள் சமைத்துச் சாப்பிட்டும் முடித்ததை நான் சொல்லி முடித்ததும், படத்தை அவர் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார், அவர் அடுத்தவரிடம்.

ஏழு வீட்டுக்கும் உதவுவது என்று தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. நடுவில் டீ வந்தது. நான் வெளியே போகவில்லை. நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.